கோப்பி மெஷின் வாங்கப் போகிறீர்களா?



வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டால், "கோப்பி குடிப்பமா, பிளேன்டி குடிப்பமா?" என்று முன் மண்டபத்தில் இருந்து கேட்பவர் ஒருவர், எழுந்து குசினிக்குள் போகிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நீங்கள் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். சுபஹுக்குப் பின் ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, அஸருக்குப் பின் ஒரு தடவை, இரவில் யாரும் வந்தால் மற்றொரு தடவை. நீர் கொதிக்க வைத்து, தூள் போட்டு, வடித்து, சீனி கரைத்து, பிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்க ஒரு தடவைக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. இதை எந்த வீட்டிலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த ஒரு மணித்தியாலத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டுதான் கோப்பி மெஷின்கள் எமது வீடுகளுக்குள் வருகின்றன. புறக்கோட்டைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டாரில் இருந்தும் துபாயில் இருந்தும் வருகிற பெட்டிகளில் சொக்லட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வருகின்றன. கலியாண வீட்டுக்கு அன்பளிப்பாகவும் வருகின்றன. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மெஷின் கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அழகாக நிற்கும். குசினியில் பழைய கேத்தலும் துணி வடியும் வேலை செய்துகொண்டிருக்கும்.

மெஷின் கெட்டது என்பதால் இப்படி நடப்பதில்லை. அந்த வீட்டுக்குப் பொருந்தாத மெஷினை வாங்கிவிட்டார்கள். கடைக்காரரிடம் "எது நல்லது?" என்று கேட்டால் விலை கூடியதைத்தான் எடுத்துக் காட்டுவார், அது அவரது தொழில். கடைக்குப் போகுமுன் வீட்டில் வைத்தே சில விடயங்களை யோசித்துவிட வேண்டும். கோப்பி போடுகிறவர் யார்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் குடிக்கிறார்கள்? வீட்டில் பாவிப்பது என்ன தூள்? குடித்து முடிந்ததும் மெஷினைக் கழுவப்போவது யார்?

முதலில் தூளைப் பாருங்கள்

கோப்பி எமக்கு அந்நியமான பானமல்ல. அந்தப் பெயரே "கஹ்வா" என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்ததுதான். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு வணக்கத்துக்கு விழித்திருப்பதற்காக இதைக் குடித்தார்கள். 1511இல் மக்காவின் ஆளுநராக இருந்த காயிர் பேக் இதைத் தடை செய்து பார்த்தார், தடை நிலைக்கவில்லை. எமது நாட்டிலும் ஆங்கிலேயர் காலத்தில் மலைநாட்டை மூடி நின்றது தேயிலையல்ல, கோப்பி. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய்தான் அந்தத் தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு இடம் பண்ணிக் கொடுத்தது. அப்படியிருந்தும் கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இன்றும் கோப்பி மரம் நிற்கிறது. உம்மாமார் பழம் பறித்து, காய வைத்து, குத்தி, சட்டியில் கறுக்க வறுத்து அரைக்கிறார்கள். சில வீடுகளில் கொத்தமல்லியும் ஒரு துண்டு இஞ்சியும் சேரும்.

மெஷின் வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தத் தூளின் தன்மையைத்தான். வீட்டில் அரைத்ததானாலும் கடையில் பக்கட்டாக வாங்கியதானாலும், எமது கோப்பித்தூள் பொதுவாக மாப்போல மிக நைசாக இருக்கும். கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மண்டி அடியில் படிய விட்டுக் குடிக்கும் பழக்கத்துக்கு ஏற்றபடி அரைக்கப்பட்ட தூள் அது. வெளிநாட்டில் செய்யப்படும் மெஷின்களோ, அந்தந்த மெஷினுக்கு வேறு வேறு பருமனில் அரைத்த தூளை எதிர்பார்க்கின்றன. கடதாசி வடியுள்ள மெஷினில் எமது தூளைப் போட்டால் கடதாசியின் துவாரங்கள் அடைபடும். நீர் கீழே இறங்காமல் மேலால் பொங்கி மேசையெல்லாம் வழியும். கண்ணாடிக் குடுவைக்குள் தட்டை அழுத்தி இறக்கும் "பிரெஞ்சு பிரெஸ்" என்ற சாதனத்தில் போட்டால் கம்பி வலையைத் தாண்டி மண்டி முழுவதும் கோப்பைக்குள் வந்துவிடும். பிறகு "இந்த மெஷின் சரியில்லை" என்று அலுமாரிக்குள் போகும்.

இதற்கு வழி இருக்கிறது. வீட்டுக் கோப்பியை மில்லில் அரைக்கக் கொடுப்பவர்கள், "கொஞ்சம் கரகரப்பாக அரைச்சித் தாங்க" என்று சொல்லி அரை கிலோவை வேறாக வாங்கிக்கொள்ளலாம். கடதாசி வடி மெஷினுக்கு மணல் அளவு, பிரெஞ்சு பிரெஸ்ஸுக்கு அதைவிடப் பெரிதாக. கொத்தமல்லி சேர்த்த தூளை மெஷினில் போடாமல் இருப்பது நல்லது; அது துணி வடிக்குரியது. அந்த மாற்றத்தைச் செய்ய வீட்டில் மனமில்லை, பழைய தூள்தான் வேண்டும் என்றால், மெஷினுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. நல்ல மின்சாரக் கேத்தல் ஒன்றும், புதிய துணி வடி ஒன்றும், பெரிய பிளாஸ்க் ஒன்றும் போதும். இதை நான் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நைசான தூளுக்குத் துணியைப்போல் பொருந்துகிற வடி வேறில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் விடுதிச் சமையல்காரர் தலையணை உறை அளவிலான துணிப் பையில் வடித்துக் கொடுத்த கோப்பியின் ருசி, பின்னாளில் நான் குடித்த எந்த மெஷின் கோப்பியிலும் இருக்கவில்லை. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வகைகளும் வீடுகளும்

தூளின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மெஷின்களைப் பார்ப்போம்.

ஐந்தாறு பேர் சேர்ந்து குடிக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது சொட்டு சொட்டாக வடியும் சாதாரண மின்சார மெஷின். நீரை ஊற்றி, தூளைப் போட்டு, சுவிட்சை அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்; பத்து நிமிடத்தில் ஒரு ஜக் கோப்பி தயார். உண்மையில் கையை விடுவிக்கும் மெஷின் இதுதான். இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவரும் குசினியில் நின்ற ஒரு பெண்மணிதான். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், கோப்பையில் மண்டி வருவது பிடிக்காமல், ஒரு பாத்திரத்தில் துளையிட்டு, மகனின் கொப்பியில் இருந்து கிழித்த மையொற்றுத் தாளை அதில் வைத்து வடித்துப் பார்த்தார். 1908இல் அதற்கு உரிமம் பெற்றார். இன்று உலகமெங்கும் பாவிக்கும் கடதாசி வடி அங்கிருந்து வந்தது.

இந்த வகையில் வாங்கும்போது கண்ணாடி ஜக்கும் அதன் கீழே சூடான தட்டும் உள்ளதைவிட, உருக்கினால் ஆன பிளாஸ்க் ஜக் உள்ளதைத் தேடுங்கள். சூட்டுத் தட்டில் அரை மணித்தியாலம் இருந்த கோப்பி கசந்து போகும், மின்சாரமும் வீணாகும். கண்ணாடி ஜக் ஒரு நாள் உடையும். அதே அளவு ஜக்கைத் தனியாக வாங்க முடியாமல் முழு மெஷினும் பயனற்றுப் போன வீடுகளைக் கண்டிருக்கிறேன். நேரம் குறித்து வைக்கும் வசதி உள்ளதானால் நோன்பு காலத்தில் பெரிய உதவி: இரவில் நீரும் தூளும் போட்டு சஹருக்குரிய நேரத்தைக் குறித்துவிட்டால், நீங்கள் எழும்பும்போது கோப்பி இருக்கும்.

கணவனும் மனைவியும் மட்டும் உள்ள வீடா? அடுப்பில் வைக்கும் "மொக்கா" பாத்திரத்தைப் பாருங்கள். 1933இல் இத்தாலியில் அல்போன்சோ பியலெட்டியின் பட்டறையில் இருந்து வந்தது. கீழ்த்தட்டில் நீர், நடுவில் தூள். கொதிக்கும் நீரின் நீராவி அமுக்கம் நீரைத் தூளினூடாக மேல்தட்டுக்குத் தள்ளும். மின்சாரம் வேண்டியதில்லை, விலை குறைவு, பழுதாக அதிகம் எதுவுமில்லை. ரப்பர் வளையத்தை மட்டும் இடைக்கிடை மாற்ற வேண்டும். கீழ்த்தட்டின் பக்கத்தில் உள்ள சிறிய பாதுகாப்பு வால்வுக்குக் கீழேயே நீர் நிற்க வேண்டும். தூளைக் கரண்டியால் அழுத்தி இறுக்கக் கூடாது. கைப்பிடி அடுப்புச் சுவாலைக்கு வெளியே இருக்கட்டும். அலுமினியத்தால் செய்தது இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். வருவது கட்டியான கோப்பி. சுடுநீரோ பாலோ சேர்த்துக் குடிக்கலாம்.

பால் கோப்பிதான் எங்கள் வீட்டில் ஓடும் என்பவர்களுக்கு, சென்னைக்குப் போய் வருகிறவர்கள் கொண்டு வரும் எவர்சில்வர் பில்டர் மிகப் பொருத்தம். மேல் பாத்திரத்தில் தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி, இரவே மூடி வைத்துவிட்டால் காலையில் கீழே டிகாஷன் இறங்கியிருக்கும். பால் காய்ச்சுவதுதான் மிச்சம்.

எஸ்பிரெஸோ மெஷினைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், பிள்ளைகள் கடைகளில் நுரைக் கோப்பி குடித்துப் பழகியிருப்பதால். பெட்டியில் "15 பார்", "20 பார்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பம்பினால் தரக்கூடிய அதிகபட்ச அமுக்கம். எஸ்பிரெஸோவுக்குத் தேவையானது ஏறத்தாழ 9 பார்தான். ஆகவே 20 என்று எழுதியது 15ஐவிடச் சிறந்தது என்று நினைத்துப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். நுரை எடுக்கும் நீராவிக் குழாய்க்குத் திரவப் பால் வேண்டும். அன்றாடம் பால்மா கரைத்துக் குடிக்கும் வீட்டில் அந்தக் குழாய் சும்மாதான் இருக்கும். பாவித்தாலோ ஒவ்வொரு முறையும் உடனே துடைத்து, நீராவி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த பால் குழாயை அடைத்துவிடும். ஒவ்வொரு கோப்பைக்கும் தூளை நிரப்பி, அழுத்தி, எடுத்து, தட்டி, கழுவ வேண்டும். ஆறு பேர் வந்திருக்கும்போது குசினியில் நிற்பவரின் வேலை குறையாது, கூடும். விரும்பிச் செய்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், அதுவே தினமும் கழுவும் என்றால், வாங்கிக் கொடுங்கள்.

கெப்சூல் மெஷின் மிகச் சுத்தமானது, மிக இலகுவானது. ஒரு நிமிடத்தில் ஒரு கோப்பை. ஆனால் ஒரு கம்பனியின் மெஷினுக்கு இன்னொரு கம்பனியின் கெப்சூல் பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் ஊரில் அந்தக் கெப்சூல் கிடைக்கிறதா என்று பாருங்கள். சம்மாந்துறையிலோ புத்தளத்திலோ இருந்துகொண்டு கொழும்புக்கு ஆள் அனுப்பி வாங்குவது எத்தனை நாளைக்கு? ஒரு கெப்சூலின் விலையை நாளொன்றுக்குப் போகும் கோப்பைகளால் பெருக்கி, 30 நாளால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போனவர்கள் கொண்டு வரும் மஞ்சள் நிற "தல்லா"வையும் சொல்லிவிட வேண்டும். இளவறுப்பாக வறுத்த கோப்பியை ஏலத்துடன் கொதிக்க வைக்கும் அரபு முறைக்கு உரிய பாத்திரம் அது. நினைவுப் பொருளாக விற்கப்படும் தல்லாக்களில் பல, அலங்காரத்துக்காக மட்டும் செய்யப்பட்டவை. அவற்றை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

பெட்டியில் உள்ள இலக்கங்கள்

"12 கப்" என்று பெட்டியில் இருந்தால், பன்னிரண்டு பேருக்கு மக் நிறையக் கொடுக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மெஷின் செய்பவர்களின் கணக்கில் ஒரு கப் என்பது 125 முதல் 150 மில்லிலீற்றர் மட்டும். 12 கப் மெஷினின் கொள்ளளவு 1.5 முதல் 1.8 லீற்றர் வரைதான். எமது பெரிய மக்கில் ஊற்றினால் ஏழு பேருக்குப் போதும். மொக்கா பாத்திரத்தில் இன்னும் மோசம்: "3 கப்" என்பது மொத்தமாக ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். லீற்றர் அளவை மட்டும் பாருங்கள். ஒரு லீற்றர் நீருக்கு 55 முதல் 60 கிராம் தூள் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதை வைத்து மாதத் தூள் செலவையும் கணக்கிடலாம்.

அடுத்தது மின்சாரம். எமது நாட்டில் 230 வோல்ட். அமெரிக்காவில் இருந்து உறவினர் அனுப்பும் மெஷின் 120 வோல்ட்டுக்குரியது. சவூதியின் பழைய வீடுகளிலும் 127 வோல்ட் இணைப்பு இருந்தது. அவற்றை இங்கே நேரே செருகினால் அன்றே எரிந்துவிடும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 220 முதல் 240 என்று இருக்க வேண்டும். அதே தகட்டில் வொட்ஸும் இருக்கும். 1450 வொட்ஸ் என்றால் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள சிறிய 5 அம்பியர் பிளக் அதைத் தாங்காது. 13 அல்லது 15 அம்பியர் பிளக் குசினியில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீட்டு வயர் இழுத்து, அதே வயரில் கேத்தலையும் மெஷினையும் ஒன்றாகச் செருகுவது ஆபத்து. வயர் மேசை விளிம்பில் தொங்கினால் தவழும் பிள்ளை பிடித்து இழுக்கும். கொதிக்கும் கோப்பி தலையில் கொட்டிய பிள்ளையை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

மின்கட்டணம் பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஒரு லீற்றர் நீரைச் சூடாக்க எதில் செய்தாலும் ஏறத்தாழ ஓர் அலகில் பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆனால் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், கேஸுக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்த மெஷின் வாங்கினாலும் துணி வடியை வீசிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் மெஷினுக்குள்ளே வெள்ளையாகக் கல் படியும். கேத்தலில் படிவதைக் கண்ணால் காண்கிறோம். மெஷினில் அது குழாய்க்குள்ளே மறைந்திருக்கும். மாதம் ஒருமுறை சிற்றிக் அமிலம் கலந்த நீரை ஓட்டி, பிறகு இரண்டு முறை வெறும் நீர் ஓட்டுங்கள்.

காரியாலயத்துக்கு வாங்கும்போது

பாடசாலை, வங்கி, கச்சேரி என்று வேலைக்குப் போகும் சகோதரிகள் பலர் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு காரியாலயத்தில் எல்லோரும் காசு சேர்த்து கெப்சூல் மெஷின் ஒன்று வாங்கினார்கள். அங்கே பதினைந்து பேர், இடைவேளை 20 நிமிடம். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும், கோப்பை வைத்து எடுத்து மாற்றும் நேரத்தோடு கடைசி ஆளுக்கு வரும்போது இடைவேளை முடிந்துவிடும். ஒரே நேரத்தில் எல்லோரும் குடிக்கும் இடத்துக்கு 1.5 லீற்றர் வடி மெஷின் ஒன்றும் இரண்டு பிளாஸ்க்கும்தான் சரி. இடைவேளைக்கு அரை மணித்தியாலம் முன்பு ஒரு தடவை ஓட்டி பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டு, மீண்டும் ஒரு தடவை ஓட்டலாம். சீனியைத் தனியாக வையுங்கள். நீரிழிவுள்ளவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பக்கட்டில் வரும் "மூன்றும் ஒன்றில்" தூளில் கோப்பியைவிடச் சீனியும் பால்மா போன்ற பொடியும்தான் கூட.

கொட்டையை அரைத்து வடித்துத் தரும் பெரிய மெஷின் வாங்கும் காரியாலயங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பியில் கஃபெஸ்டோல் என்ற எண்ணெய்த் தன்மையான பொருள் உண்டு; அது இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கடதாசி வடி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். துணி வடியும் நன்றாகக் குறைக்கும். கம்பி வலை பிடிக்காது. 2025இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலைத்தலங்களில் இருந்த 14 மெஷின்களின் கோப்பியைப் பரிசோதித்தார்கள். உலோக வடியுள்ள பல மெஷின்களில், கடதாசியில் வடித்ததைவிட இந்தப் பொருள் அதிகமாக இருந்தது. வடிக்காமல் கொதிக்க வைத்ததிலும் மிக அதிகம். நாளைக்கு நான்கைந்து கோப்பை குடிப்பவர்களும் கொலஸ்ட்ரோல் உள்ளவர்களும் கடதாசியையோ துணியையோ தேர்ந்தெடுக்கட்டும். மண்டியோடு குடிக்கும் எமது வீட்டுப் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கெஃபீனுக்கு மேல் வேண்டாம் என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. வடித்த கோப்பி பெரிய மக் ஒன்றில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கும். இரண்டு மக் குடித்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். தேநீரில் உள்ளதும் இதற்குள்தான் சேரும்.

காரியாலயத்தில் மெஷின் வந்த முதல் வாரம் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். இரண்டாம் வாரம் கழுவ ஆளிருக்காது. ஊறிய தூள் அப்படியே வெள்ளிக்கிழமை முதல் திங்கள் வரை கிடந்து பூஞ்சணம் பூக்கும். பிறகு "மிஸ், நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று வயதில் இளைய ஆசிரியை ஒருவரின் தலையில் அது விழும். ஆண்களுக்கு மெஷினை இயக்கத் தெரிகிறது, கழுவத்தான் தெரிவதில்லை. இது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதல்ல. வாங்கும் கூட்டத்திலேயே கழுவும் முறைப் பட்டியலை எழுதி, அதில் அதிபரின் பெயரையும் மௌலவியின் பெயரையும் சேர்த்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒருவரும் சம்மதிக்காவிட்டால் மெஷின் வாங்காதீர்கள். அந்தக் காசுக்குப் பக்கத்துக் கடையில் இருந்து பிளாஸ்க்கில் கோப்பி எடுப்பிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ தம்பியோ "என்ன கொண்டு வர?" என்று தொலைபேசியில் கேட்டால், மெஷினின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். உத்தரவாதம் அந்த நாட்டுக்குள்தான் செல்லுபடியாகும். பழுதானால் உதிரிப்பாகம் இங்கே கிடைக்காமல் போகலாம். மெஷினை இங்கே முகவர் உள்ள கடையில் வாங்குங்கள். கடையிலேயே நீர் ஊற்றி ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதப் பத்திரத்தில் திகதியும் முத்திரையும் விழுந்த பிறகு காசைக் கொடுங்கள். வருகிறவரிடம் கையால் சுற்றி அரைக்கும் சிறிய கோப்பி அரைவை ஒன்றையும், இரண்டு பெட்டி கடதாசி வடியையும் கொண்டு வரச் சொல்லலாம். அரைவையில் பருமனை மாற்றும் திருகு இருக்க வேண்டும். அது இருந்தால் தோட்டத்துக் கோப்பியை வறுத்து வைத்து, துணி வடிக்கு நைசாகவும் மெஷினுக்குக் கரகரப்பாகவும் வேண்டிய அளவு மட்டும் அரைத்துக்கொள்ளலாம். சுற்றுவதற்குப் பலம் வேண்டும். அந்த வேலையை முன் மண்டபத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.